ஒத்தையார் பந்திக்கு வந்த நாள்

ஒத்தையார் மலை முன்பு நின்ற இடத்தில் இப்போது நிற்கவில்லை, எங்கள் ஊர்ப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது என்பதை அளவெடுக்க வருகிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய வரைபடத்தில் பிழை என்பார்கள், நிலம் நகர்ந்தது என்பார்கள், முக்காலிக் கருவியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள், கடைசியில் செல்லத்தாயி மெஸ்ஸில் வந்து உட்கார்ந்து இரண்டாவது தடவை ரசம் கேட்பார்கள், அவளும் ஊற்றிக்கொண்டே, "இந்த ரசத்தைக் குடிச்சிட்டுப் போனவருதான் அங்க தள்ளி நிக்கிறாரு" என்பாள், அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மலையடியில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, மலையைக் கும்பிடுகின்றன, மலைக்குப் பயப்படுகின்றன, மலைக்கு ஆடு வெட்டுகின்றன. மலைக்கு இலை போட்டுச் சோறு பரிமாறி, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்ட ஊர் எங்கள் சாம்பலூர் ஒன்றுதான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் மார்பு விரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முன்னோர் கடல் தாண்டிப் புகையிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். தோட்டமும் பிடிக்காமல், திரும்பிப் போகக் கப்பலும் கிடைக்காமல், மேலே மேலே ஏறி, ஐந்து எரிமலைகளுக்கு நடுவில், யாருமே குடியேறத் துணியாத சாம்பல் மண்ணில் முட்டைக்கோஸ் போட்டு உட்கார்ந்துவிட்டவர்கள். மலைகளில் நான்கு வரிசையாகத் தோளோடு தோள் உரசி நிற்கும். இருமல்காரர், மூக்கர், அப்புறம் இரட்டையர் இருவர். ஐந்தாமவர் மட்டும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தன்னந்தனியாக நிற்பார், அதனால் ஒத்தையார். இந்த ஐந்தையும் சுற்றிக் காட்ட ஆட்களை அழைத்துப்போவதுதான் எங்கள் ஊரின் தொழில். தூர தேசத்திலிருந்தெல்லாம் வருவார்கள், மூட்டையை நாங்கள் சுமப்போம், மூச்சை மட்டும் அவர்கள் சுமந்தால் போதும்.

முதல் நாள்தான் கஷ்டம். உயரம் ஆளைத் தொட்டவுடன் முதலில் தின்பது அவனுடைய பசியைத்தான். தலை வலிக்கும், வயிறு திரும்பும், ஒன்றும் வேண்டாம் என்று போர்த்திக்கொண்டு படுப்பான், வெறும் வயிற்றோடு படுத்தவன் மறுநாள் எழுந்து நடக்க மாட்டான். அதனால் சாம்பலூரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் நாள் இருட்டுவதற்குள் சாப்பிடாமல், கூட்டத்தில் ஒருவர் பசியோடு படுத்தாலும், அந்தக் கூட்டத்துக்கு முன்னே நடந்தவர் அதற்குப் பிறகு முன்னே நடக்கக் கூடாது, வாழ்நாள் முழுக்கச் சுமைதான் தூக்க வேண்டும். எங்கள் தலைமை வழிகாட்டியாக இருந்த பொன்னுரங்கத்தின் சொந்தத் தம்பியே ஒரே ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டுத் தூங்கிப்போன ஒரு வெள்ளைக்காரனால் தலைமையை இழந்தவர். ஆகவே கெஞ்சுவோம், கொஞ்சுவோம், கதை சொல்வோம், பூண்டு ரசத்தை மூக்குக்கு நேராகப் பிடிப்போம். எப்படியாவது ஊட்டிவிடுவோம்.

பொன்னுரங்கத்துக்கு முழங்கால் போன பிறகு யார் முன்னே நடப்பது என்று ஒரு மழைக்காலம் முழுக்க ஊர் பேசியது. அவர் தன் மருமகனுக்குக் கேட்டார். அந்த மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் மேகத்துக்குள் போனால் தன் வீட்டுக்கே வழி கேட்பான். சமையல் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லா மலைகளையும் ஏறி இறங்கியிருந்த அஞ்சுகம், கூட்டத்தின் நடுவில் எழுந்து, "நான் நடக்கிறேன்" என்றாள். பெண் முன்னே நடந்து எங்களுக்குப் பழக்கமில்லை. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள், வழியில் போகிற வண்டையும் விசாரிப்பாள். கடைசியில் பொன்னுரங்கமே, "சரி, ஒரு தடவை நடக்கட்டும், முதல் நாள் தாண்டட்டும் பார்ப்போம்" என்று சொன்னார், அதில் தாண்ட மாட்டாள் என்கிற நம்பிக்கை நிறையவே இருந்தது.

அந்த முதல் நாளில் அவளோடு கிளம்பியவர்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஆறு பேர், அவர்களில் வாயாடி பல் டாக்டர் சுகிர்தா. எங்கள் வழக்கப்படி முதல் நாள் மேலே கணவாய் வரை ஏறி, உயரத்தை உடம்புக்கு அறிமுகம் செய்துவிட்டு, மறுபடி இறங்கிப் பன்றிமேட்டில் கூடாரம் அடிக்க வேண்டும். அங்கிருந்து ஊருக்கு ஆட்டுப்பாதை ஒன்று உண்டு, இறங்கினால் ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம், ஏறினால் கொஞ்சம் கூட. அஞ்சுகம் மெதுவாக நடந்தாள், அவ்வளவு மெதுவாக நடந்தாள் என்றால் சுகிர்தா, "எக்கா, நாம நடக்கோமா நிக்கோமா?" என்று கேட்டாள். "நடக்குறோம்மா. வேகமாப் போனா மலைக்கு நாம வந்தது தெரியாது" என்றாள் அஞ்சுகம்.

உச்சிப்பொழுதில் கணவாய்ப் பாறைக்கு வந்தார்கள். அந்தப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஒரு முறை இருந்தது: முன்னே நடக்கிறவர் எப்போதும் ஒத்தையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறையின் மறைவில்தான் உட்காருவார். ஏன் என்று கேட்டால் காற்று என்பார்கள். பொன்னுரங்கம் அப்படித்தான் உட்கார்ந்தார், அவருடைய அப்பாவும் அப்படித்தான். அன்றைக்கு உண்மையிலேயே காற்று அடித்தது. காற்றுப் படாத அந்த மறைவில் விருந்தாளிகள் ஆறு பேரையும் உட்கார வைத்துவிட்டு, அஞ்சுகம் எதிர்ப்பக்கம், ஒத்தையாருக்கு நேர்முகமாக உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பொட்டலத்தைப் பிரித்ததும் கண்ணில் படுகிறவரை "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிடாமல் எங்களால் ஒரு வாய் வைக்க முடியாது. பஸ் கண்டக்டரைக் கூப்பிடுவோம், மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைக் கூப்பிடுவோம், வேலிச் சண்டையில் பேச்சுவார்த்தை அற்றுப்போனவரைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டே கூப்பிடுவோம். அவர்களும் "இப்பத்தான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிக் கடந்துபோவார்கள். கூப்பிடுவது மரியாதை, வராமலிருப்பதும் மரியாதை. அஞ்சுகம் நிமிர்ந்து பார்த்தாள், எதிரே ஒத்தையாரைத் தவிர யாரும் இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வாங்க, சாப்பிடலாம்." இதற்குப் பதில் சொல்லும் முறை ஒத்தையாருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அவரை அதுவரை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஆறு பேரில் ஒருவருக்குத் தலைசுற்றல் வந்தது. அஞ்சுகம் பிரித்த பொட்டலத்தை அப்படியே சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு ஓடினாள், தண்ணீர் கொடுத்தாள், காலை உயரத் தூக்கி வைத்தாள், அவர் தெளிந்ததும் கூட்டத்தை இறக்கத் தொடங்கினாள். இறங்கும் வழியெல்லாம் சுகிர்தா போட்டோ எடுத்தாள். "எக்கா, அந்த மலை ஒவ்வொரு போட்டோலயும் கொஞ்சம் பெருசாயிட்டே வருதே" என்றாள். அஞ்சுகம் திரும்பிப் பார்த்தாள், பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊரில் நாங்கள் இதை வெயிலால்தான் தெரிந்துகொண்டோம். மத்தியானம் தாண்டினால் எங்கள் தெருக்களின் மேல் ஒத்தையாரின் நிழல் விழும், அதை வைத்துத்தான் பஸ் கிளம்பும், பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பார்கள், கோழிகள் கூட்டுக்குத் திரும்பும். அன்றைக்கு நிழல் வரவில்லை. பஸ் நின்றது நின்றபடி நின்றது, பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்தார்கள், கோழிகள் தெருவில் குழம்பி நடந்தன, ஈரமாகவே மடித்துப் பழகிய துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்தன, பெண்கள் அதை எடுத்து முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். அப்புறம்தான் யாரோ நிமிர்ந்து பார்த்து, ஒத்தையார் இருந்த இடத்தில் வெறும் வானமும், அதற்கு அப்பால், எங்களில் பலர் அதுவரை வீட்டு வாசலிலிருந்து பார்த்தேயிராத கடலும் தெரிவதைச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் கடலைப் பார்த்தோம். பிறகு பன்றிமேட்டுப் பக்கம் பார்த்தோம். அங்கே அவர் இருந்தார்.

செல்லத்தாயி மெஸ் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "அஞ்சுகந்தான் சாப்பிடக் கூப்பிட்டிருப்பா. அவளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே" என்றாள். "வேடிக்கை பார்த்தது போதும், அரிசியை எடுங்க. கூப்பிட்ட பொண்ணு நம்ம ஊர்ப் பொண்ணு. வந்தவரு வெறும் வயித்தோட போனா அசிங்கம் அவளுக்கு மட்டுமில்ல."

பன்றிமேட்டின் ஓரத்தில் ஒத்தையார் சரிவுகளை மடக்கி உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் எதிரில் பீடியை மறைக்கிற மாதிரி தன் புகையை உள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்ததால் தரையெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது, நாகர்கோவில்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சுகம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். அத்தனையும் பயணம் முழுமைக்கும் வேண்டிய அரிசி. அவருக்குப் போட்டால் நாளைக்கே எல்லோரும் ஊருக்குத் திரும்ப வேண்டும். போடாவிட்டால் அவர் பசியோடு இருப்பார். அவர் தன் கூட்டத்தில் சேர்த்தியா இல்லையா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கான பதில் ஆட்டுப்பாதையில் வந்து சேர்ந்தது. பொன்னுரங்கத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், அவருக்குப் பின்னால் ஊரே அண்டாவும் தூக்குச்சட்டியும் வாழையிலைக் கட்டுமாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஒத்தையாரை மேலும் கீழும் பார்த்தார், ஒரு கும்பிடு போட்டார், அப்புறம் அஞ்சுகத்திடம் திரும்பினார்.

"எந்தப் பக்கம் பாத்து உக்காந்த?"

"அவருக்கு நேராத்தாண்ணே. மறைவுல விருந்தாளிங்க இருந்தாங்க."

"அப்பா சொன்னாரு, மலைக்கு முதுகு காட்டிச் சாப்பிடுன்னு. ஏன்னு கேட்டேன், காத்துன்னாரு. இப்பத்தான் தெரியுது." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ கூப்பிட்ட. அவரு வந்துட்டாரு. உன் பந்தியில உக்காந்தவரு உன் கூட்டந்தான். இருட்டுறதுக்குள்ள அவரு சாப்பிட்டு எந்திரிக்கணும், இல்லேன்னா நாளையிலருந்து நீ பழையபடி பாத்திரம் தூக்கணும். உன் மேல கோவத்துல சொல்லல. கட்டுப்பாடுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சரிண்ணே" என்றாள் அஞ்சுகம். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அடுப்பு தேவைப்படவே இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அரிசி மட்டும் வேகாது, நாங்கள் எப்போதும் குக்கரோடு மல்லுக்கட்டுவோம். அன்றைக்கு அண்டாக்களைத் தரையில் வைத்தோம், சோறு பூப்பூவாக மலர்ந்தது. அப்புறம் சண்டை தொடங்கியது. சைவமா அசைவமா என்று ஒரு சண்டை, கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்தவர்கள் திரும்பிக் கொண்டுபோக மாட்டோம் என்றார்கள். இலைகளை ஈர்க்கால் தைத்து, கோயில் பிரகாரம் அளவுக்கு ஓர் இலை செய்தார்கள், விரிக்கப் போகும்போது அடுத்த சண்டை: இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வர வேண்டும், மலைக்கு இடது கை எது? முகம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே கை தெரியும். ஆளுக்கொரு பக்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சுகிர்தா ஒரு வாயைப் போலிருந்த பிளவுக்குள் எட்டிப்பார்த்து, "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அறிவித்தாள். "நம்மளப் பாக்குற பக்கந்தான் முகம், போடுங்கடா இலையை" என்று பொன்னுரங்கம் அதட்டிய பிறகு இலை விழுந்தது.

பரிமாறினோம். உப்பிலிருந்து தொடங்கி, ஊறுகாய், முட்டைக்கோஸ் பொரியல், உருளைக்கிழங்கு, அப்பளம், பருப்பு, நெய், நடுவில் சோறு மலையாக, இல்லை, அவருக்கு எதிரில் அதை மலை என்று சொல்லக் கூடாது, ஒரு குவியலாக. தள்ளி ஓர் ஓரத்தில் கருவாட்டுக் குழம்பு, இஷ்டமிருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒத்தையார் தொடவில்லை.

குறைவாக இருக்கிறது போலும் என்று இன்னும் கொட்டினோம். வாழைக்காய் வறுவல் கொண்டுவந்தோம். செல்லத்தாயி எப்போதும் யாருக்கும் போடாத எலுமிச்சை ஊறுகாயைத் திறந்தாள். அவர் தொடவில்லை. முதல் விருந்தாளி கை வைக்காமல் மற்றவர்கள் கை வைக்கக் கூடாதென்பதால் நாகர்கோவில்காரர்களும் இலைக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் கடல் பக்கம் சாய்ந்தது. அப்போது ஒத்தையாரின் வயிறு ஒரு தடவை உறுமியது, கரண்டிகள் அண்டாவுக்குள் குதித்தன, கூடாரத்து முளை ஒன்று தெறித்து விழுந்தது. பசிதான், சந்தேகமே இல்லை. அவ்வளவு பசியை வைத்துக்கொண்டு, அவர் எதற்கோ காத்திருந்தார்.

"பசியிருக்கு, கை நீள மாட்டேங்குது. நாம ஏதோ குறை வச்சிட்டோம்" என்றாள் செல்லத்தாயி மெதுவாக.

அஞ்சுகம் கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். மத்தியானம் எழுந்தவள் அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. முன்னே நடக்கிறவர் கடைசியில் சாப்பிடுவதுதான் எங்கள் ஊரில் முறை, எல்லோரையும் ஊட்டி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும், பல நாள் தீர்ந்தும்விடும், பொன்னுரங்கம் எத்தனையோ முதல் நாட்களில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார், கட்டுப்பாட்டில் அந்த வயிற்றை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. அவள் ஒத்தையாரைப் பார்த்தாள். அவர் அந்தப் பெரிய இலையைப் பார்க்கவில்லை. கூடாரத்துக்கு வெளியே கிடந்த அவளுடைய பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, நான் இவரைக் கூப்பிட்டது இந்தச் சோத்துக்கு இல்லையே" என்றாள் அஞ்சுகம்.

கரண்டியைக் கீழே வைத்தாள். பையைத் திறந்து மத்தியானம் சுருட்டி வைத்த பொட்டலத்தை எடுத்தாள். ஊரே பார்க்க, இலையின் எதிர்ப்பக்கம், அவருக்கு நேராக, சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பொன்னுரங்கத்தின் மருமகன், "பரிமாற வேண்டியவ பந்தியில உக்காருறாளே" என்றான், பொன்னுரங்கம் அவனைப் பேசாதே என்று கையமர்த்தினார். அஞ்சுகம் புளிச்சோற்றைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை இலையில் அவர் பக்கம் தள்ளி வைத்தாள். மறு பாதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"காத்திருக்க வச்சிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். "வாங்க, சாப்பிடலாம்." சொல்லிவிட்டு ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

ஒத்தையார் சாப்பிட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு மண்சரிவு கூச்சத்தோடு கீழே இறங்கி வந்து, அந்தப் புளிச்சோற்றை அள்ளிக்கொண்டு மேலே போயிற்று, ஒரு பருக்கை சிந்தவில்லை. அப்புறம் பொரியல், அப்புறம் பருப்பு, அஞ்சுகம் ஒரு வாய் வைத்தால் அவர் ஒரு வாய் வைத்தார், அவள் அப்பளத்தை நொறுக்கினால் அவரும் நொறுக்கினார், அந்தச் சத்தத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பறவைகள் எழுந்து பறந்தன. செல்லத்தாயி ரசம் கொண்டுவந்தபோது சரிவைக் குழித்து வாங்கிக் குடித்தார், இன்னொரு தடவையும் குழித்தார். கருவாட்டுக் குழம்பு எப்போது தீர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை, சைவக் கட்சிக்காரர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நாங்கள் கவலைப்பட்ட அளவுக்கு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பயண அரிசி மூட்டைகளைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாகர்கோவில்காரர்களும் சாப்பிட்டார்கள், உயரத்தில் பசி போய்விட்டது என்று காலையில் அழுதவர்கள் மறுசோறு கேட்டார்கள், ஊர்க்காரர்களும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் இலையைப் பார்த்தோம். வெளிப்பக்கமாக மடித்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம், தன் பக்கமாக மடித்தால் இன்னும் வருவேன் என்று அர்த்தம். இதையும் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அஞ்சுகம் தன் பொட்டலத்துச் சருகைத் தன் பக்கமாக மடித்தாள். ஒத்தையார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலிருந்து ஒரு காற்றை இறக்கி, அந்தப் பிரகாரம் அளவு இலையின் அந்த ஓரத்தைத் தூக்கி, நிதானமாக, சுருக்கம் விழாமல், தன் பக்கமாக மடித்து வைத்தார். ஊர் கத்திய கத்தலில் பஸ்காரர் கிளம்பும் நேரம் வந்துவிட்டதென்று நினைத்துக் கீழே ஹாரன் அடித்தார்.

அவர் கிளம்பும்போது வெளிச்சம் மிச்சமிருந்தது. எழுந்தார், இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த புகையை ஒரு தடவை நிம்மதியாக விட்டார், பள்ளத்தாக்கைத் தாண்டித் தன் இடத்துக்குப் போனார், முழுக்கப் போகாமல், எங்கள் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார். கடல் மறைந்தது. ஊர் மேல் நிழல் விழுந்தது, கோழிகள் கூட்டுக்குப் போயிருக்கும்.

பெண்கள் அண்டாக்களைக் கவிழ்த்தார்கள், ஆண்கள் கூடாரத்து முளையை மறுபடி அடித்தார்கள். அஞ்சுகம் ஆறு பேரிடமும் ஒவ்வொருவராகப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பொன்னுரங்கம் பாறை மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர், அவளைக் கூப்பிட்டார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதென்று நாங்கள் எல்லோரும் பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் கேட்டோம். எத்தனையோ வருஷம் முன்னே நடந்தும் தன்னிடம் யாருமே கேட்காமல் போன அந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டார்.

"ஏந்தாயி, நீ சாப்பிட்டியா?"

அஞ்சுகம் திரும்பி ஒத்தையாரை ஒரு தடவை பார்த்தாள்.

"சாப்பிட்டேண்ணே" என்றாள். "வயிறு நிறைய."